மிருதங்கத்தின் கரணையும் ராமனின் மணலும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் கலையையும் அறிவியலையும் பற்றி வந்த கட்டுரையைப் படித்தேன். எழுதியவர் நல்ல நோக்கத்தோடுதான் எழுதியிருக்கிறார். கலை இதயம், அறிவியல் மூளை, நடுவில் சர் சி.வி. ராமன் பாலம் போட்டார் என்று சொல்லி, மிருதங்கம் பற்றிய அவருடைய ஆராய்ச்சியை உதாரணமாகக் காட்டியிருந்தார். கூடவே மூன்று படங்கள். ஒன்றில் தலைப்பாகையோடு ராமன். அடுத்ததில் காலஞ்சென்ற ஒரு பெரிய வித்வான், பெயரும் விருதும் போட்டு. மூன்றாவதில் கையில் கல்லோடு தரையில் உட்கார்ந்திருக்கும் ஒருவர். கீழே ‘மிருதங்கம் செய்யும் தொழிலாளி’ என்று மட்டும் இருந்தது. அந்தப் படத்தை எடுத்தவரின் பெயர்கூட ஓரத்தில் பொடி எழுத்தில் இருக்கிறது. இந்தக் கடிதம் அந்த மூன்றாவது படத்தைப் பற்றியது.

நான் அரசு மேல்நிலைப் பள்ளியில் இயற்பியல் ஆசிரியராக வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். என் அப்பா தஞ்சாவூரில் மிருதங்கத்துக்குத் தோல் கட்டியும், அதன் நடுவில் கறுப்பு வட்டமாக இருக்கும் கரணையைப் போட்டும் எங்களைப் படிக்க வைத்தவர். ஆகவே கட்டுரையாளர் சொன்ன பாலத்தின் இரண்டு கரையிலும் எனக்கு வீடு உண்டு. பாலம் என்ற பேச்சே எனக்குச் சரியாகப் படவில்லை என்பதைச் சொல்லத்தான் எழுதுகிறேன். கடிதம் நீளும். இடமில்லை என்றால் வெட்டிக்கொள்ளுங்கள், பட்டறையைப் பற்றிய பகுதியில் மட்டும் கத்தரி வைக்காதீர்கள்.

முதலில் ராமன். ‘மிருதங்கம் அறிவியல்பூர்வமானது என்று நிரூபித்தார்’ என்று கட்டுரையில் இருக்கிறது. அவர் யாருக்கும் நற்சான்றிதழ் கொடுக்க வந்தவர் அல்லர். அப்பா சந்திரசேகர ஐயர் கணக்கும் இயற்பியலும் சொல்லிக்கொடுத்தவர், வயலின் வாசித்தவர். மனைவி லோகசுந்தரி வீணை வாசிக்கத் தெரிந்தவர். கல்கத்தாவில் 1907-ல் நிதித்துறை அதிகாரியாகச் சேர்ந்த ராமன், ஆபீசுக்குப் போவதற்கு முன்னாலும் வந்த பின்னாலும் பௌபஜார் தெருவில் இருந்த இந்திய அறிவியல் வளர்ச்சிக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில்தான் கிடந்தார். ஒளிச்சிதறலுக்கு அவர் வருவதற்கு முன்பு அவருடைய ஆராய்ச்சி பெரும்பாலும் ஒலிதான்: வயலின் தந்தி, வில், வீணை, தம்புரா. தம்புராவின் குதிரை, அதாவது தந்தியைத் தாங்கும் கட்டை, வளைந்திருப்பதையும், அதன்மேல் தந்திக்கு அடியில் நூல் வைப்பதையும் பார்த்து, அந்த நாதத்தில் வரக்கூடாத மேற்சுரங்கள் எல்லாம் வருகின்றனவே என்று ஆராய்ந்தவர். நோபல் பரிசு வாங்கித் தந்த கண்டுபிடிப்பு 1928-ல். மிருதங்கத்தைப் பற்றி அவரும் சிவகாளி குமாரும் ‘நேச்சர்’ இதழில் எழுதியது 1920-ல். அதாவது, பெரிய விஞ்ஞானி ஒருவர் ஓய்வு நேரத்தில் கலைப்பக்கம் எட்டிப் பார்த்த கதை இல்லை இது. அவர் வந்த வழியே அதுதான்.

அவரை வியக்க வைத்தது என்ன என்பதைக் கட்டுரையாளர் ஒரே வரியில் தாண்டிவிட்டார். அங்கேதான் விஷயம் இருக்கிறது.

தம்புராத் தந்தியைச் சுண்டினால் ஒரே ஒரு அதிர்வு வருவதில்லை. அடிப்படை அதிர்வெண், அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு, நான்கு மடங்கு என்று முழு எண் கணக்கில் மேற்சுரங்களும் சேர்ந்து வரும். முழு எண்ணாக இருப்பதால் காது அத்தனையையும் ஒரே சுரமாக எடுத்துக்கொள்கிறது. ஷட்ஜம் என்று நாம் அடையாளம் காண்பது அந்தக் கூட்டத்தை. வட்டமான தோலுக்கு இந்த ஒழுங்கு கிடையாது. எல்லா இடத்திலும் ஒரே கனமுள்ள தோலை இழுத்துக் கட்டி அடித்தால், அடிப்படைக்கு மேலே வருபவை 1.59 மடங்கு, 2.14, 2.30, 2.65, 2.92 என்று தாறுமாறாக வரும். ஒன்றோடு ஒன்று சேராது. அதனால்தான் பெரும்பாலான தோல் கருவிகளுக்குத் தாளம் உண்டு, சுருதி இல்லை. அதைக் குறை என்று யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. பறைக்கு வேண்டியது ஊருக்கு எட்டுவது. நெருப்பில் காய்ச்சி அதைத்தான் ஏற்றுகிறார்கள். ஆனால் பாடகரின் ஷட்ஜத்தோடு ஒட்டி உட்கார வேண்டிய வாத்தியத்துக்கு 1.59 உதவாது.

மிருதங்கத்தின் வலந்தலை, அதாவது வலக்கைப் பக்கத் தோல், அந்த விதியை மீறுகிறது. ராமனும் குமாரும் கேட்டது 1, 2, 3, 4, 5. தந்தியைப் போலவே முழு எண்கள், ஐந்து வரைக்கும். தோல் எந்தெந்த விதத்தில் பிரிந்து அதிர்கிறது என்று பார்த்ததில், ஒன்பது வகை அதிர்வுகள் ஐந்து கூட்டமாகச் சேர்ந்திருந்தன. முதல் சுரத்துக்கும் இரண்டாவதுக்கும் ஒவ்வொரு வகை. மூன்றாவதுக்கு இரண்டு, நான்காவதுக்கு இரண்டு, ஐந்தாவதுக்கு மூன்று. தனித்தனி அதிர்வெண்ணில் சிதறிப்போக வேண்டியவை ஒரே இடத்தில் வந்து நிற்கின்றன. இதையெல்லாம் விரிவாக அவர் எழுதியது 1934-ல், தானே தொடங்கிய இந்திய அறிவியல் அகாதெமியின் சஞ்சிகையின் முதல் தொகுதியில்.

அவர் கையாண்ட முறையும் அழகானது. தோலின்மேல் நைசான மணலைத் தூவிவிட்டு, வித்வான் அடிப்பது போலவே விரல் வைத்து அடித்தார். அதிராத இடங்களில் மணல் கோடாக ஒதுங்கியது. ஜெர்மனியின் கிளாட்னி 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் உலோகத் தகட்டில் செய்து காட்டிய அதே மணல் வித்தை. மிருதங்கம் வாசிப்பவர்களுக்கு ‘மீட்டு’ தெரியும்: மோதிர விரலைக் கரணையின் ஓரத்தில் பட்டும் படாமல் வைத்துக்கொண்டு, ஆள்காட்டி விரலால் ஓரத் தட்டில் சுண்டுவது. விரல் நிற்கும் கோட்டில் தோல் அசைய முடியாது. தோல் முழுவதும் மேலும் கீழுமாகப் போகிற அடிப்படை அதிர்வு அங்கேயே அடங்கிவிடும். விட்டத்தின் இரண்டு பக்கமும் எதிரெதிராக ஆடுகிற அதிர்வு மட்டும் தப்பிக்கும். அடிப்படைக்கு ஒரு ஸ்தாயி மேலே இருக்கும் அந்தச் சுரத்தைத்தான் பாடகரின் ஷட்ஜத்தோடு சேர்க்கிறோம். பாடப்புத்தகத்தில் ‘கணு’ என்று நாங்கள் கரும்பலகையில் படம் போட்டுக் காட்டுவதை, மிருதங்கம் கற்கும் சிறுவன் முதல் மாதத்திலேயே விரலால் செய்துவிடுகிறான்.

சரி, 1.59 எப்படி 2 ஆனது? கறுப்பாக நடுவில் வட்டமாக இருக்கிறதே, அந்தக் கரணையால். எங்கள் பட்டறையில் அதைச் சோறு என்றுதான் சொல்வார்கள். நடுவில் கனம் ஏற்றினால் ஒவ்வொரு வகை அதிர்வும் ஒவ்வொரு அளவுக்கு மெதுவாகும். நடுப்பகுதி அதிகமாக ஆடுகிறவை அதிகம் மெதுவாகும், ஓரத்தில் ஆடுகிறவை அவ்வளவாக மாறாது. அடிப்படையே நன்றாகத் தாழ்ந்துவிடுவதால் மற்றவற்றின் விகிதம் கூடும். சரியான கனத்தைச் சரியான அகலத்துக்குப் போட்டால் எல்லாம் முழு எண்ணில் வந்து உட்காரும். 1954-ல் பெங்களூர் இந்திய அறிவியல் கழகத்தில் பி.எஸ். ராமகிருஷ்ணாவும் மன்மோகன் சோந்தியும் இதைக் கணக்காகப் போட்டுப் பார்த்தார்கள். கனமான நடுவட்டம், லேசான வெளிவட்டம் என்று இரண்டு அடர்த்தி உள்ள தோலாக எடுத்துக்கொண்டால், கரணையின் ஆரம் தோலின் ஆரத்தில் ஏறக்குறைய பத்தில் நான்கு பங்கு இருக்கும்போது முழு எண்கள் கிடைக்கின்றன என்று வந்தது. பட்டறையில் யாரும் அவர்களுக்காகக் காத்திருக்கவில்லை.

இப்போது மூன்றாவது படத்துக்கு வருகிறேன்.

பலாமரக் கட்டை பண்ருட்டிப் பக்கத்திலிருந்து குடைந்து வரும். மாட்டுத் தோல், ஆட்டுத் தோல், எருமைத் தோல் மூன்றும் ஒரே வாத்தியத்தில் சேரும். இழுத்துக் கட்டும் வார் எருமைத் தோல். அப்பா தோலை வெளிச்சத்துக்கு எதிரே தூக்கிப் பார்ப்பார், விரலால் தடவுவார், சில சமயம் முகர்ந்துகூடப் பார்ப்பார். எந்தப் பக்கம் கனம், எந்தப் பக்கம் மெலிசு என்று அவருக்குத் தெரிந்துவிடும். ஒரு தோலில் ஒரு இடம்தான் வலந்தலைக்கு ஆகும் என்பார். ஓரத்தில் வளையமாக வரும் தட்டுக்கும் உள்தோலுக்கும் நடுவில் குச்சி செருகுவார்கள். அதுதான் குச்சி மிருதங்கம். பொடிக் கல் வைத்தால் கப்பி மிருதங்கம். தம்புராவின் குதிரையில் நூல் செய்கிற வேலைக்குப் பக்கத்து வேலை அது: நாதத்தில் ஒரு சன்னமான இரைச்சல் சேரும், அதுதான் உயிர்.

கரணை போடுவதற்குக் கிட்டான் கல் வேண்டும். இரும்பும் மாங்கனீசும் கலந்த கறுப்புக் கல். அதை இரும்பு உரலில் இடித்து, துணியில் சலித்து, மாவை விட நைசாக எடுப்பார்கள். குழைய வடித்த சோற்றைப் பசையாகப் பிசைந்து அந்தப் பொடியைச் சேர்ப்பார்கள். சுண்டுவிரல் நகம் அளவு எடுத்துத் தோலில் தடவி, வழவழப்பான கல்லால் தேய்ப்பார்கள். சூடு ஏறும் வரை தேய்க்க வேண்டும். காய்ந்த பிறகு அடுத்த பூச்சு. முதல் பூச்சுகள் அகலம், மேலே போகப் போக வட்டம் சுருங்கும். நடுவில்தான் கனம் அதிகம். ஒவ்வொரு பூச்சுக்கும் பிறகு தட்டிக் கேட்பார்கள். குறைவாகப் போட்டால் தோல் கத்தும். கூடிப்போனால் நாதம் அடைத்துக்கொள்ளும். அந்த இரண்டுக்கும் நடுவில் ஒரு இடம் இருக்கிறது. அது ஒவ்வொரு தோலுக்கும் வேறு, ஒவ்வொரு சுருதிக்கும் வேறு. ஒரு கட்டை என்கிற தாழ்ந்த சுருதியில் பாடும் ஆண் குரலுக்கு வேண்டிய நீளமான மிருதங்கத்தில் போடும் கனத்தை, ஐந்து கட்டை என்கிற உயர்ந்த சுருதிக்குப் போகிற சின்ன மிருதங்கத்தில் போட முடியாது.

இதில் நான் அதிகம் யோசித்தது அந்தத் தேய்ப்பைப் பற்றித்தான். பசையை அப்படியே ஊற்றிக் காயவிட்டால் வில்லை மாதிரி ஒரே கட்டியாக உறைந்துவிடும். தோல் வளைய முடியாது, கரணையும் பிய்த்துக்கொண்டு வரும். கல்லால் தேய்த்துத் தேய்த்துப் போடும்போது அது நூலை விடச் சன்னமான விரிசல்களாகப் பிளந்து, நூற்றுக்கணக்கான துணுக்குகளாகத் தோலில் ஒட்டிக்கொள்கிறது. ஆகவே கனம் கூடுகிறது, விறைப்பு கூடுவதில்லை. கணக்குப் போட்டவர்கள் விறைப்பே இல்லாத தோல் என்று காகிதத்தில் எளிதாக எழுதிக்கொண்டார்கள். அப்படி ஒரு தோலைப் பொருளாகச் செய்து கொடுத்தது இந்தத் தேய்ப்பு. எத்தனை தலைமுறை எத்தனை கரணையைப் பிய்த்துப் போட்டு இதைக் கண்டுபிடித்திருக்கும்!

கல்லூரியில் வட்டத் தோலின் அதிர்வுகளைப் பெசல் சார்புகள் என்ற கணக்கோடு படித்த புதிதில், ஊருக்கு வந்தபோது அப்பாவிடம் பெருமையாக விளக்கினேன். வேலையை நிறுத்தாமலே கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், “சரிப்பா, இந்தத் தோலுக்கு இன்னும் எத்தனை பூச்சு போடணும்னு அது சொல்லுதா?” என்றார். சொல்லாது. இந்த மாட்டின் தோல், இந்த ஐப்பசி மாத ஈரம், நாளைக்கு ஏசி அரங்கில் ஏறப்போகும் சுருதி, இதெல்லாம் சமன்பாட்டுக்குள் இல்லை.

அதற்காக அப்பாவின் பக்கம் முழுவதுமாகச் சாய்ந்துவிடவும் எனக்கு மனமில்லை. முழு எண் என்றால் என்ன, ஏன் ஐந்தோடு நிற்கிறது, நடுக்கனம் எந்த அதிர்வை எவ்வளவு இறக்குகிறது என்பது அவருக்குத் தெரியாது, தெரிய வேண்டிய அவசியமும் வரவில்லை. அந்த விளக்கம் ராமனுடையது, சோந்தியுடையது. ‘நம் முன்னோர்களுக்கு அலை இயற்பியல் அன்றே தெரியும்’ என்று வாட்ஸ்ஆப்பில் வரும் செய்திகளைப் பார்க்கும்போது எனக்கு எரிச்சல்தான் வருகிறது. தெரியாது ஐயா. அவர்களுக்குத் தெரிந்தது வேறொன்று: ஒன்றை மட்டும் மாற்றி, மற்றதை அப்படியே வைத்து, தட்டிக் கேட்டு, கேட்டதை நினைவில் வைத்து, மறுபடி மாற்றுவது. ஆய்வுக்கூடத்தில் நாங்கள் சொல்லிக்கொடுக்கும் முறையே அதுதான். அவர்களிடம் நோட்டுப் புத்தகம் இல்லை, காதும் மகனும் இருந்தார்கள். முறையை அவர்களுக்கும் விளக்கத்தை ராமனுக்கும் கொடுப்பதுதான் நியாயம். உங்கள் கட்டுரை இரண்டையும் ராமனுக்குக் கொடுத்துவிட்டு, மிச்சமிருந்த இனிமையை வித்வானுக்குக் கொடுத்துவிட்டது.

வித்வானின் பங்கை நான் குறைக்கவில்லை. எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து, “என்னப்பா, தீம் பேசவே மாட்டேங்குதே” என்று ஒருவர் சொல்வார். “நாளைக்குப் பேசும் சாமி” என்பார் அப்பா. அந்த ஒரு வாக்கியத்திலிருந்து எந்தப் பூச்சைச் சுரண்ட வேண்டும் என்று அவர் எடுத்துக்கொள்வார். சொல்லத் தெரிந்த காதும் செய்யத் தெரிந்த கையும் இப்படிப் பக்கத்தில் இருந்ததால்தான் வாத்தியம் வளர்ந்தது. பாலக்காடு மணி ஐயரின் வாசிப்பைப் பேசுகிறவர்கள் அவருக்கு மிருதங்கம் செய்த தஞ்சாவூர் பர்லாந்துவின் பெயரையும் சேர்த்துச் சொல்லத் தொடங்கியது சமீபத்தில்தான். நாதஸ்வரத்தில் இது கொஞ்சம் முன்னாலேயே நடந்துவிட்டது. குட்டையான திமிரி நாதஸ்வரத்தில் சுத்த மத்யமம் என்ற சுரம் சரியாகப் பேசாது. நீளமான பாரி நாதஸ்வரத்தில் அதைச் சரிசெய்து ஆச்சா மரத்தில் கடைந்து கொடுத்த நரசிங்கம்பேட்டை ரங்கநாதன் ஆசாரியின் பெயரை, டி.என். ராஜரத்தினம் பிள்ளையின் பெயரோடு அந்தப் பக்கத்தில் இன்றும் சேர்த்தே சொல்கிறார்கள். குழலின் நீளம், துளையின் இடம், காற்றுத்தம்பம் என்று பதினோராம் வகுப்பில் நாங்கள் நடத்தும் பாடம் அங்கே மரத்தூளாகப் பறந்தது.

தோல் வேலையில் மட்டும் பெயர் வெளியே வர ஏன் இத்தனை காலம் ஆனது என்பது தமிழ்நாட்டில் யாருக்கும் தெரியாத ரகசியம் இல்லை. கச்சேரி மேடையில் தொடப்படும் தோலைப் பட்டறையில் பதப்படுத்துகிறவர் எந்த வாசல் வழியாக உள்ளே வந்தார் என்பதை நான் பார்த்திருக்கிறேன். எந்த சபா என்று எழுதப்போவதில்லை. அப்போது எல்லா இடத்திலும் அப்படித்தான். ஆனால் ஒரு இயற்பியல் ஆசிரியனாக இதில் எனக்கு இன்னொரு கவலை உண்டு. கையால் வேலை செய்கிறவன் யோசிக்கிறான் என்பதையே ஒப்புக்கொள்ளாத சமூகத்தில், சோதனை செய்து பார்க்கும் புத்தி எங்கிருந்து வளரும்? பாடப்புத்தகத்தை மனப்பாடம் செய்து நூற்றுக்கு நூறு வாங்குகிற அறிவியல்தான் வளரும், அது நன்றாகவே வளர்ந்துகொண்டிருக்கிறது.

பள்ளியைப் பற்றியும் சொல்ல வேண்டும். பதினோராம் வகுப்பில் சேரும்போதே பிள்ளைகளைக் குரூப் குரூப்பாகப் பிரித்துவிடுகிறோம். சயின்ஸ் குரூப் எடுத்தவன் பாட்டு, ஓவியம் பக்கம் தலைவைத்துப் படுக்கக் கூடாது. கீழ் வகுப்புகளில் ஓவிய வகுப்பும் பாட்டு வகுப்பும் இருந்தாலும், பரீட்சை நெருங்கினால் முதலில் பறிபோவது அவைதான். கணக்கு வாத்தியாரும் நானும்தான் பறித்துக்கொள்வோம். அந்தப் பாடங்களை நடத்துகிறவர்களில் பலர் பகுதிநேர ஆசிரியர்கள், எதிர்த்துப் பேசவும் மாட்டார்கள்.

எங்கள் பள்ளியில் தவில் வாசிக்கும் குடும்பத்துப் பையன் ஒருவன் படித்தான். செய்முறைத் தேர்வில் சுரமானி சோதனை: தந்தியின் மேல் சின்னக் காகிதத் துண்டை மடித்து வைத்து, இசைக்கவையைத் தட்டிப் பெட்டியின் மேல் ஊன்றி, கட்டையை நகர்த்திக்கொண்டே போக வேண்டும். தந்தியின் அதிர்வெண் இசைக்கவையோடு ஒத்துப்போகும் இடத்தில் காகிதம் துள்ளி விழும். அவன் இசைக்கவையைக் காதில் வைத்துக் கேட்டான், தந்தியை ஒரு தரம் சுண்டினான், கட்டையை நேராக உரிய இடத்துக்குத் தள்ளினான், அப்புறம்தான் காகிதத்தை வைத்தான். காகிதம் உடனே பறந்தது. வெளியிலிருந்து வந்த தேர்வாளர், செய்முறையைப் பின்பற்றவில்லை என்று மதிப்பெண்ணைக் குறைத்துவிட்டார். நான் வாதாடிப் பார்த்தேன், நடக்கவில்லை. பையன் பிறகு வணிகவியல் படித்தான்.

இன்றைய நிலைமைக்கும் ஒரு வார்த்தை. தோல் கிடைப்பது கடினமாகிக்கொண்டே வருகிறது, பிள்ளைகள் பட்டறைக்கு வர விரும்புவதில்லை, அதை நான் தவறென்றும் சொல்ல மாட்டேன், நானே வரவில்லை. செயற்கைத் தோல் போட்ட மிருதங்கங்கள் வந்துவிட்டன. மழைக்கும் ஏசிக்கும் சுருதி ஓடாமல் நிற்கின்றன, பயணத்துக்கும் லேசு. நாதம் எட்டவில்லை என்று சில வித்வான்கள் சொல்கிறார்கள், போதும் என்று சிலர் வாசிக்கிறார்கள். எனக்கு அதில் பிடிவாதம் இல்லை. மாட்டுத் தோல் புனிதம், பிளாஸ்டிக் தீட்டு என்று பேசினால் அப்பாவே சிரித்திருப்பார். ஆனால் செயற்கைத் தோலை உருவாக்கும் ஆராய்ச்சி மேஜையில் கரணை போடத் தெரிந்த ஒருவர் சம்பளத்தோடு உட்கார வேண்டும். விரிசல் விட்ட சோறு ஏன் பேசுகிறது என்ற கேள்விக்குச் செயற்கைத் தோல் செய்கிறவரும் ஒரு நாள் வந்தே தீர வேண்டும். பதிலில் பாதி பட்டறையில் இருக்கிறது.

பிப்ரவரி 28 தேசிய அறிவியல் நாள். பள்ளிகளில் ராமனின் படத்துக்கு மாலை போட்டு, ஒளிச்சிதறலைப் பற்றி ஒரு மாணவி மனப்பாடமாகப் பேசுவாள். நிறமாலைமானி எந்த அரசுப் பள்ளியில் இருக்கிறது? அவருடைய மிருதங்கச் சோதனையை எந்தப் பள்ளியிலும் செய்யலாம். உங்கள் மாணவர் பக்கத்தில் இதைப் போட்டால் புண்ணியமாகப் போகும்.

மிருதங்கத்தைத் தொப்பி, அதாவது இடக்கைப் பக்கம், கீழே இருக்கும்படி நிமிர்த்தி, மெத்தென்ற துணிமேல் நிறுத்திக்கொள்ளுங்கள். யாராவது மாணவரை மீட்டு அடிக்கச் சொல்லி, கைப்பேசியில் அதிர்வெண்களைக் கோடுகளாகக் காட்டும் இலவசச் செயலியைத் திறந்து வையுங்கள். உயர்ந்து நிற்கும் கோடுகளின் அதிர்வெண்களைக் குறித்து, விகிதம் பார்க்கச் சொல்லுங்கள். அடிப்படை அடங்கியிருப்பதால் 2, 3, 4 என்ற முழு எண் விகிதத்துக்குப் பக்கத்தில் வரும். அதே செயலியில் பறையையோ சாதாரண டிரம்மையோ அடித்துப் பாருங்கள், வராது. அப்புறம் தோலின்மேல் கொஞ்சம் தூவி, விரலை வெவ்வேறு இடத்தில் வைத்து மெதுவாக அடிக்கச் சொல்லுங்கள். கோடு விரல் போகிற இடத்துக்கெல்லாம் திரும்பும். ராமன் மணல் தூவினார், பிள்ளைகள் ரவை தூவட்டும். மணல் கரணையின் விரிசலுக்குள் போனால் எடுப்பது கஷ்டம். ரவையென்றால் பயமில்லை, தொப்பியில் கச்சேரிக்கு முன்னால் அப்பிக்கொள்வதே அதைத்தானே. வாசிப்புக்கு ஆகாத பழைய மிருதங்கம் எந்தப் பட்டறையிலும் ஒன்றிரண்டு கிடக்கும், கேட்டால் கொடுப்பார்கள். அதைக் கொண்டுவந்து பிள்ளைகளுக்குக் கரணை போட்டுக் காட்ட அந்தப் பட்டறைக்காரரையே கூப்பிடுங்கள். போகவர பஸ் கட்டணமும் ஒரு நாள் கூலியும் பள்ளி தர வேண்டும். சால்வை மட்டும் போர்த்தி அனுப்பிவிடாதீர்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர்,
தஞ்சாவூர்.